விரதம் என்றால் பட்டினியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முதுநிலைப் பட்டத்துக்காக, தைப்பூசக் காவடி எடுக்கும் சர்க்கரை நோயாளிகளைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். மருத்துவம், மதம், பண்பாடு, சட்டம் நான்கையும் தொட வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எங்கே தொடங்குவது?
– பீனிக்ஸ் மாணவி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: 'விரதம்' என்ற ஒரே சொல்லில் தொடங்குங்கள். நம் ஊரில் ஒருவர் "நான் விரதம்" என்றால் பெரும்பாலும் மீன், இறைச்சி தொடவில்லை என்றுதான் பொருள். மூன்று வேளையும் சோறும் பருப்பும் கீரையும் சாப்பிட்டிருப்பார். கேள்வித்தாளில் அதை 'ஃபாஸ்டிங்' என்று எழுதிவைத்தால், படிக்கும் மருத்துவர் எட்டு மணி நேரம் வெறும் வயிறு என்று எடுத்துக்கொள்வார். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதானே கணக்கு! அங்கேயே உங்கள் எண்கள் எல்லாம் பிசகிவிடும்.

ஆகவே "விரதமா?" என்று கேட்காதீர்கள். நேற்று எழுந்ததிலிருந்து இந்த நிமிடம் வரை என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, தண்ணீர் குடித்தாரா, எந்த மாத்திரை, எப்போது என்று கேளுங்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் சைவம் மட்டும் இருப்பவர் வேறு, ஒருவேளைச் சோறு மட்டும் உண்பவர் வேறு, காவடி இறக்கும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர் வேறு. மூவரையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கக் கூடாது.

மாத்திரையின் பெயரைக் கட்டாயம் குறியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. க்ளிபென்க்ளமைட், க்ளிக்ளசைட் போன்றவை அல்லது இன்சுலின் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நடப்பவர்தான் விழுவார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அதோடு விரதத்தை நிறுத்திவிட வேண்டும். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி நிறைய, தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் உங்கள் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதுங்கள். எழுதாத திட்டத்தை, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழு திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும்.

தீமிதியையும் சேர்ப்பதானால் பாதத்தைப் பாருங்கள். 10 கிராம் நைலான் இழையை அது வளையும்வரை பாதத்தில் அழுத்திக் கேட்பது எளிய சோதனை. இழை பட்டது தெரியாதவருக்குத் தீயும் தெரியாமல் போகலாம், கொப்புளமும் தெரியாமல் போகலாம். மறுநாளும் பாதத்தைப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். "சுடவில்லை" என்று அவர் சொல்வதை அம்மன் அருள் என்பதா, நரம்புப் பாதிப்பு என்பதா என்று களத்தில் நின்று வாதாடுவது உங்கள் வேலை அல்ல. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இழைச் சோதனையின் முடிவு பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும்.

அனுமதி மூன்று அடுக்கு. தேசிய உடல்நல ஆய்வு அறநெறி மன்றத்தில் பதிவான குழுவின் ஒப்புதல் முதலில். அடுத்தது கோயில் நிர்வாகத்தின் கடிதம். பிறகு ஒவ்வொருவரின் தனிச் சம்மதம். கோயில் தலைவர் தலையாட்டியதை நூறு பக்தர்களின் சம்மதமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. காவடி நாள் காலையில், அருள் வந்து நிற்பவரிடம் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமே அல்ல, கொடியேற்றத்தன்றே வாங்கிவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமும் வேண்டும்.

2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கை, உடல்நலம் இரண்டையுமே சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல் என்கிறது. உங்கள் தாளில் இரண்டும் இருக்கின்றன. பெயருக்குப் பதில் எண் போட்டால் மட்டும் போதாது. சின்னக் கோயிலில் "62 வயது, ஒரு கால் இழந்தவர், முப்பது வருடமாகக் காவடி" என்று எழுதினால் தெருவில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். வயதை 60–69 என்று விரித்து எழுதுங்கள், காலைப் பற்றிய குறிப்பை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சம்மதப் படிவத்தைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டுமா?
– அதே மாணவி

பதில்: மொழிபெயர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே தமிழைக் காதால் புரிந்துகொள்ளும் பாட்டிமார் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் வராது. சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு "நான் என்ன கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பெற்றோர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள், பதிவு செய்யவில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு அப்பா பெயரில். அம்மாவுக்கு உரிமை இல்லை என்கிறார் சித்தப்பா.
– வெருலம் வாசகி

பதில்: சித்தப்பா சொல்வது பழைய கதை. முதலில், திருமணம் செய்துவைத்த ஐயர், 1961ஆம் ஆண்டின் 25ஆம் எண் திருமணச் சட்டப்படி அமர்த்தப்பட்ட திருமண அதிகாரியா என்று விசாரியுங்கள். அப்படியிருந்து, அன்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தால், பதிவே ஆகவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பது தவறாக இருக்கலாம். உள்துறை அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள்.

பதிவு இல்லையென்றாலும் வழி உண்டு. 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம் கோவெண்டர் எதிர் ரகவய்யா வழக்கில், இந்து முறைப்படி ஒருதார மணம் செய்த மனைவியும் 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் உயிலிலாச் சொத்துரிமைச் சட்டப்படி 'வாழ்க்கைத் துணை'தான் என்று தீர்த்தது. அழைப்பிதழ், தாலி கட்டும் படம், ஐயர் அல்லது திருமணத்தில் இருந்த உறவினர் இருவரின் சத்தியக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள்.

அம்மாவின் பங்கு இப்படி வரும்: பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிச் சொத்தை வகுக்க வேண்டும், வரும் தொகை, 2,50,000 ரேண்டு – இரண்டில் எது பெரிதோ அது அம்மாவுக்கு. சொத்து 9,00,000 ரேண்டு, பிள்ளைகள் மூவர் என்றால் நான்கால் வகுக்க 2,25,000. ஆகவே அம்மாவுக்கு 2,50,000. மீதி 6,50,000 பிள்ளைகளுக்குச் சமமாக. சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பதிவான திருமணத்தில், மணத்துக்கு முன்பே சொத்தைப் பற்றி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இல்லையென்றால் பாதி வீடு முதலிலேயே அம்மாவுடையது. கோயில் திருமணம் மட்டும் என்றால் அந்தப் பாதி தானாக வராது. இறப்பை 14 நாளுக்குள் இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்; தாமதமாகியிருந்தால் இன்றே போங்கள், ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள்.

1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், பலதாரத்துக்கு இடம் தரும் மதங்களின் திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, தென்னாப்பிரிக்காவில் தாலி கட்டிய பெண்களின் நிலை ஒரே நாளில் கேள்விக்குறியானது. அந்த ஆண்டுச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றுதான் தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். தாலியும் தாளும் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பது எங்களுக்கும் வருத்தம்தான்.

கேள்வி: மூக்குத்தி மதமா, பண்பாடா? ஆய்வேட்டில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் வைக்கச் சொல்கிறார்கள்.
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: அரசியல் சாசன நீதிமன்றமே பிரிக்க மறுத்துவிட்டது, நீங்கள் ஏன் பிரிக்கிறீர்கள்? 2007இல் தீர்ப்பான, பிள்ளை என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களின் வழக்கு அது. டர்பன் பள்ளி மாணவி ஒருத்தி தங்க மூக்குத்தி போட்டிருந்தாள். பதினாறு வயதானதும் பாட்டி அதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பள்ளி விதி மறித்தது. கட்டாயமான சடங்குக்கு மட்டுமல்ல, ஒருவர் விரும்பி ஏற்ற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். "மதமும் பண்பாடும்" என்று ஒரே தலைப்பு போடுங்கள். பிறகு யார் போட்டுவிட்டார், எந்த வயதில், கழற்றினால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். அதுதான் ஆய்வு.

கேள்வி: கொள்ளுத்தாத்தா 1870 வாக்கில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்பார்கள். கப்பல் பட்டியலில் பெயரே இல்லை.
– ஸ்டாங்கர் வாசகர்

பதில்: ஆண்டுதான் பிசகு. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்றது 1860 நவம்பர் 16. 1866இல் ஒப்பந்த ஆள் வரவு நின்று, 1874இல்தான் மீண்டும் தொடங்கியது, 1911வரை நடந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டில் ஒப்பந்தக் கூலியாக யாரும் இறங்கியிருக்க முடியாது. முன்னும் பின்னும் தேடுங்கள்.

அடுத்து எழுத்து. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் படையாட்சி 'படையாச்சி' ஆனதும் அப்படித்தான். ஏழுமலையில் ழகரம் எங்கே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரை விட்டுவிட்டுத் தகப்பன் பெயர், வயது, ஊர், மாவட்டம், உடல் அடையாளம் ஆகிய கட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். சந்தேகமான பெயரை வாய்விட்டுப் படியுங்கள், காது பிடித்துவிடும். எல்லாவற்றிலும் மேலானது ஒவ்வொருவருக்கும் கொடுத்த குடியேற்ற எண். பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள்.

அதிலும் கிடைக்கவில்லையென்றால், அவர் தோட்டக் கூலியாகவே வராமல் சொந்தச் செலவில் வந்த வியாபாரியாக இருக்கலாம். அப்படி வந்தவர்களை அந்தப் பட்டியலில் எழுதவே இல்லை.