தவில் யார் என்று கேளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். போன வருஷம் தற்செயலாக ஒரு சின்ன இசைக்குழுவின் பாட்டு காதில் விழுந்தது. மூன்றே பேர், சொந்தமாக எழுதிப் பாடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த மாதிரிக் குழுக்களைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ஆப் திரும்பத் திரும்பப் பிரபலமான பாட்டையே தருகிறது. கிடைத்ததை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒருத்தரும் கேட்பதில்லை. எப்படித் தேடுவது, எப்படிக் கேட்க வைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குப் பாதி விடை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே இருக்கிறது. கோயில் திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்ததும் நாயனம் யார் என்று பார்ப்பார்கள். பார்த்த கையோடு, "தவில் யாரு?" என்று கேட்பார்கள். ஸ்பெஷல் தவில் என்று நல்ல பெயர் ஒன்று போட்டிருந்தால், அதற்காகவே நாலு ஊர் தாண்டிப் போவார்கள். அதே தவில்காரர் அடுத்த மாதம் வேறொரு நாயனக்காரரோடு வாசிப்பார். அங்கேயும் போவார்கள். அதுவரை கேள்விப்படாத ஒரு நாயனக்காரர் அப்படித்தான் அவர்களுக்கு அறிமுகம் ஆவார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். குழுவின் பெயரோடு நின்றுவிடாமல், வாசித்தவர்களின் பெயரைப் படியுங்கள். யூடியூபில் பாட்டுக்குக் கீழே எழுதியிருப்பதை விரித்தால் டிரம்ஸ் யார், பேஸ் கிட்டார் யார், ஒலிப்பதிவு யார் என்று பெரும்பாலும் இருக்கும். அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் வேறு யாரோடெல்லாம் வாசித்திருக்கிறார் என்று போங்கள்.

தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்துக்காரர் அந்தோணிதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டால் இன்று எல்லோருக்கும் தெரியும். கரகாட்டம், நையாண்டி மேளம் என்று நம் மண்ணில் வளர்ந்த அவர் 'லா பொங்கல்' என்ற குழுவிலும் பாடியவர். அந்தக் குழுவில் இருந்த தர்புகா சிவாவைப் பிடித்துப் போனால், பழைய சமஸ்கிருத சுலோகங்களுக்குப் புது இசை அமைத்த 'யோதகா' வரும். பாடகர் கபேர் வாசுகியும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' குழு இன்னொரு வாசல். டென்மாவின் பெயரோடு போனால் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வரும். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய குழு அது. பறை, சட்டி மேளம், கானா, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். அங்கிருந்து 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடைகளுக்குப் போனால், நாம் பெயரே கேள்விப்படாத எத்தனையோ கலைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயரைப் பிடித்தால் ஒரு மாதத்துக்குக் கேட்கலாம்.

ஆப் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உங்கள் ரசனைக்குப் பக்கத்தில் இருக்கிற மற்றவர்கள் எதைக் கேட்டார்களோ அதை வைத்துத்தான் அது அடுத்த பாட்டைத் தருகிறது. கேட்டவர்களே குறைவு என்றால் அதற்குத் துப்பு கிடைப்பதில்லை. அந்த இடத்தில் மனிதர்கள்தான் உதவ வேண்டும். பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் ஒரு ஆல்பத்தைத் திறந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் படங்கள் பக்கத்திலேயே இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று தெரியும். உங்களுக்குப் பிடித்ததை வாங்கிய ஒருவரின் அலமாரியை அப்படியே பார்க்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டும் தேடலாம். நான் அதிகம் கண்டெடுத்தது இந்த வழியில்தான்.

சரி, கேட்க வைப்பது. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் அண்ணன் மகனுக்கு ஒருமுறை 32 பாட்டுகளைத் தொகுத்து அனுப்பினேன். ஒவ்வொன்றும் அருமையான பாட்டு. ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆறு மாதம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போனோம். பாபநாசம் தாண்டியதும், ஒன்றும் சொல்லாமல், 'இந்தியன் ஓஷன்' என்ற டெல்லிக் குழுவின் 'கந்தீசா'வைப் போட்டேன். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாட்டு. அவர்கள் அதை 2000-இல் ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு வார்த்தை புரியாது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். பாட்டு முடிந்ததும், "அத்தை, இன்னொரு தடவை போடுங்க" என்றான். ஐயம்பேட்டை வருவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டான்.

அந்தப் பாட்டு நான் அனுப்பிய 32-இலும் இருந்தது.

அதனால் குழுவில் போடுவதை விட்டுவிடுங்கள். பத்துப் பேருக்குப் பொதுவாகப் போட்டால், மற்றவர் கேட்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? தவில் அடி கேட்டால் தலையாட்டுகிறவருக்குத் தாளம் தூக்கலான பாட்டு. வெளியூர் வேலையில் தனியாகக் கிடக்கிறவருக்கு வீட்டு ஞாபகம் வருகிற பாட்டு. ஒன்றே ஒன்று அனுப்புங்கள், ஏன் அவருக்கு என்று ஒரு வரியும் எழுதுங்கள். முன்னிசை நீளம் என்றால் எந்த நிமிடத்திலிருந்து கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். கேட்டாயா, கேட்டாயா என்று மட்டும் நச்சரிக்க வேண்டாம். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அதற்கு ஈடே இல்லை.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசு இல்லை. உங்கள் நண்பர்கள் பத்துப் பேர் மாதம் பத்துத் தடவை கேட்டால் வருஷத்துக்கு 1200. கேட்பவர்கள் ஓரளவு எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, அப்படிக் கிடைப்பதும் சொற்பம்தான். ஆனாலும் சின்னக் குழுவுக்கு மன்னார்குடியில் பத்துக் காது என்பது பெரிய விஷயம். கையில் காசு இருக்கிற மாதம் ஒரு ஆல்பத்தை வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பாடியவர்களுக்கே போகிறது.

அப்புறம், சென்னையில் அவர்கள் கச்சேரி என்றால் ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் வாருங்கள். முடிந்ததும் மேடைக்குக் கீழே போய் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதியவர் அந்த மூன்று பேர் குழுவின் பெயரை எழுதவில்லையே! அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஒரே ஒரு பாட்டு, எந்த நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும் என்றும் சேர்த்து.