வெறும் சட்டத்துக்கு எதற்கு டிக்கெட்?

கேள்வி: அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியங்கள் களவு போய் 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வெறும் சட்டங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். அதற்கும் டிக்கெட்டாம்! ஒரு நல்ல நகலை வரைந்து மாட்டிவிட்டால் வேலை முடிந்ததே?
- வாசகர் ஒருவர், சத்துவாச்சாரி

பதில்: வேறு எந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். சத்துவாச்சாரிக்காரர் கேட்கலாமா? வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் உங்கள் ஊரில்தானே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்? பாதுகாப்புக்காகப் பெயர்த்துக் கொண்டுபோன லிங்கம் கோட்டைக்குத் திரும்பியது 1981 மார்ச்சில். அதுவரை கல்யாண மண்டபத்து யாளிகளை அண்ணாந்து பார்த்தவர்கள், உள்ளே மூலவர் இல்லாத கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். சாமி இல்லை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்க ஆள் இருந்தது.

பாஸ்டன் கதைக்கு வருவோம். கார்ட்னர் அருங்காட்சியகம். 1990 மார்ச் 18 விடியற்காலை, போலீஸ் உடுப்பில் இரண்டு பேர் வந்து காவலாளிகளைக் கட்டிப்போட்டார்கள். 81 நிமிஷம். 13 பொருள்கள். ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடல் காட்சியைச் சட்டத்திலிருந்து அறுத்தே எடுத்துவிட்டார்கள். வெர்மீர் வரைந்ததில் உலகத்தில் மிஞ்சியிருப்பதே நாற்பதுக்கும் குறைவு. அதிலும் ஒன்று போனது. இதுவரை ஒன்றும் திரும்பவில்லை. ஒரு கோடி டாலர் பரிசு இன்னும் காத்திருக்கிறது. அருங்காட்சியகத்தை நிறுவிய இசபெல்லா அம்மையார், தாம் வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1924இல் போய்ச் சேர்ந்தார். ஆகவே சட்டங்கள் அங்கேயே தொங்குகின்றன. (நம் ஊர்ப் பாட்டிகளின் உயிலை இப்படி யார் மதிக்கிறார்கள்?)

சரி, நகலுக்கு வருகிறேன். உங்கள் யோசனையை நம்மவர்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் பூமிக்கடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். செப்பனிடுவதற்கென்று வெளியே போனார். திரும்பி வந்தது நகல். அசல் கடல் தாண்டியது. தீபாராதனை, நைவேத்தியம் எல்லாம் நகலுக்கு நடந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் வழக்கு, பேரம். அமெரிக்காவிலிருந்து சிலை திரும்ப 1986 ஆகிவிட்டது. பீடம் காலியாக இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே அர்ச்சகர் கூச்சல் போட்டிருப்பார்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது நம்முடையது என்று நிரூபிக்க உதவியவற்றில் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். கோயிலில் இருந்தபோது யாரோ பொறுப்பாக எடுத்து வைத்தது. 2014இல் சிலை திரும்பியது. உங்கள் தெருக்கோயில் உற்சவரை நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரம் அளந்து, நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? செல்போனில் எடுத்தால்கூடப் போதும்.

டிக்கெட் பற்றிக் கேட்டீர்கள். 1911 ஆகஸ்டில் பாரிஸ் லூவரிலிருந்து மோனாலிசா திருட்டுப்போனபோது, அவள் தொங்கிய வெற்றுச் சுவரைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு அருங்காட்சியகத்தில் பீடம் இருந்தது, 'துவாரபாலகர்' என்று பெயர் அட்டை இருந்தது, துவாரபாலகரைக் காணோம். விசாரித்தேன். "கண்காட்சிக்குப் போயிருக்கு சார்" என்றார் ஊழியர். இரண்டு வருஷம் கழித்துப் போனேன். அட்டையையும் காணோம். கேட்டதற்கு, "இங்கே ஒன்றும் இருந்ததில்லையே சார்" என்றார் புதிதாக வந்தவர். பீடத்தின்மேல் குடிதண்ணீர் கேன் வைத்திருந்தார்கள்.