காலையில் விரல்கள் மடங்கவில்லை: தேய்மானமா, முடக்குவாதமா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு மாதங்களாகக் காலையில் எழுந்ததும் இரு கை விரல்களையும் மடக்க முடியவில்லை. பொத்தான் போடுவதே பெரும்பாடு. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்'. தேய்மானம்தான் என்று வலி மாத்திரையோடு இருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. முடக்குவாதம் உள்ளவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு இந்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றே வரும். நோயே இல்லாத சிலருக்கு 'பாசிட்டிவ்' காட்டுவதும் உண்டு. அந்த அறிக்கையைவிட, பத்து மணி என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேய்மானத்திலும் காலையில் இறுக்கம் இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அதன்பின் வேலை செய்யச் செய்ய வலி கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்துப்போனது மீண்டும் வளராது. வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர, இந்த அரிப்பைத் தடுக்காது. நெடுநாள் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடலாம்.

எந்தக் கணு வீங்குகிறது என்று பாருங்கள். விரல் உள்ளங்கையோடு சேரும் இடம், நடுக்கணு, மணிக்கட்டு என இரு கைகளிலும் இருந்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிப்போம். நகத்தை ஒட்டிய கணு என்றால் பெரும்பாலும் தேய்மானம். (சொரியாசிஸ் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், தோலில் செதில் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.)

தாமதிக்காமல் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். நோய் உறுதியானால் பலருக்கும் முதலில் தருவது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே சிகிச்சை பெற்றவர்களில் பலர் வழக்கம்போல வேலை செய்கிறார்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இந்த நோயை முடுக்கிவிடும்.

அதுவரை, நுணுக்கமான கைவேலைகளைப் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போடுங்கள். பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டிக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கக்கூடும் என்பதால், எழுந்தவுடன் இரு கைகளையும் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள்.