பழைய துணி அலமாரியைப் பச்சோந்திக் கூண்டாக மாற்ற முடியுமா?

வீட்டில் சும்மா கிடக்கும் மர அலமாரியை வளர்ப்புப் பச்சோந்திக்குக் கூண்டாக்கலாமா, கடையில் விற்கும் வலைக்கூண்டை விட அது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நாங்கள் இங்கே இங்கிலாந்தில், லெஸ்டரில், அதைத்தான் செய்து வைத்திருக்கிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மல்லி அதற்குள் செம்பருத்தி இலையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மல்லி ஒரு ஏமன் பச்சோந்தி, பெண். பெயர் வைத்தது என் மகள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர் வேலிகளில் பார்க்கும் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஏமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு வகைகளும் அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் சரியாக இல்லாத உயிரை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

இனி அலமாரிக்கு வருவோம். ஈரமும் காற்றும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பெட்டி அது. பச்சோந்திக்கோ இரண்டும் வேண்டும். அலமாரியின் அந்தக் குணத்தை எவ்வளவு தூரம் உடைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதல் தடவை போதுமான அளவு உடைக்கவில்லை, அதற்கு மல்லிதான் கஷ்டப்பட்டாள்.

எங்களுடையது நாங்கள் குடிவந்தபோதே வீட்டில் இருந்த பைன் மர அலமாரி. 180 செ.மீ. உயரம், ஒற்றைக் கதவு, அடியில் ஒரு பெரிய டிராயர். டிராயருக்கு மேலே 130 செ.மீ. உயரமும் 72 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் கிடைத்தது. வளர்ந்த ஏமன் பச்சோந்திக்குப் பொதுவாக 60க்கு 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. என்பார்கள்; ஆழம் கொஞ்சம் குறைவு, அகலத்தில் ஈடுகட்டிக்கொண்டோம். உயரம்தான் அலமாரியின் பெரிய வரம். நம் கண்மட்டத்துக்கு மேலே ஒரு கிளையில் உட்கார முடிந்தால் பச்சோந்தி நிம்மதியாக இருக்கும். நாம் மேலிருந்து குனிந்து பார்த்தால் பருந்து வந்தது போலப் பயந்துவிடும்.

கதவின் உள்பக்கம் ஒரு கண்ணாடி பதித்திருந்தது, முகம் பார்க்கிற கண்ணாடி. கழற்ற வேண்டும் என்று தெரியும், நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் மல்லியின் உடம்பு முழுக்கக் கருத்து, பக்கவாட்டில் தட்டையாகி, ஒரு இலையைப் போல நின்றுகொண்டிருந்தாள். எதிரே இன்னொரு பச்சோந்தி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு இரவு விளக்கு அணையும் வரை அப்படியே நின்றிருப்பாள் போலிருக்கிறது. உங்கள் அலமாரியில் கண்ணாடி இருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள். ஷோகேஸின் சாதாரணக் கண்ணாடிக் கதவில்கூட உள்ளே வெளிச்சம் அதிகமாக இருந்தால் உருவம் தெரியும், அதற்குப் பதில் வலை போடுவது மேல்.

அடுத்த தவறு பின்பலகை. அதில் உள்ளங்கை அளவுக்கு ஆறு ஓட்டை போட்டு வலை அடித்து, காற்றோட்டத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். பகலில் விளக்குச் சூடு, காலையிலும் இரவிலும் தண்ணீர்த் தூவல், இரண்டும் சேர்ந்து உள்ளே வெந்நீர் வைத்த குளியலறை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் மூலையில் சாம்பல் நிறப் பூஞ்சை. அப்புறம் ஒரு சாயங்காலம் மல்லி தலையை மேலே தூக்கி, வாயைப் பாதி திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ‘க்ளிக்’ என்று சன்னமாக ஒரு சத்தம். மருத்துவரிடம் ஓடினோம். நுரையீரலில் தொற்று. ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. சூடும் ஈரமும் தேங்கி நிற்கிற காற்றுதான் பச்சோந்திக்கு எமன்.

அதன் பிறகு அலமாரியை வெளியே கொண்டுபோய் ஜிக்சாவால் வெட்டினேன். மேல்பலகையில் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு நடுப்பகுதி முழுவதையும் எடுத்து அலுமினிய வலை. கதவின் நடுவும் அப்படியே வலை. முன்பக்கம் கீழே, டிராயருக்குச் சற்று மேலே, 10 செ.மீ. உயரத்தில் அகலம் முழுக்க ஒரு வலைப்பட்டை. இந்தக் கீழ்ப்பட்டையை யாரும் விட்டுவிடாதீர்கள். விளக்கு சூடாக்கும் காற்று மேல்வலை வழியே ஏறிப்போகும்போது, புதுக்காற்று கீழிருந்துதான் உள்ளே வர வேண்டும்; வீட்டுப் புகைபோக்கி வேலை செய்வது போல. பின்பலகையும் இரண்டு பக்கவாட்டுப் பலகைகளும் மட்டும் மரமாகவே இருக்கின்றன. இங்கே குளிர்காலத்தில் நாலு பக்கமும் வலை உள்ள கூண்டில் சூடும் ஈரமும் நிற்காது, மரம் அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. சென்னை மாதிரி ஊரில் இந்த லாபம் கிடையாது, அங்கே பக்கவாட்டையும் வலையாக்கிவிடலாம்.

எந்த அலமாரி ஆகும், எது ஆகாது என்பதும் முக்கியம். வெட்டிய முனையைப் பாருங்கள். மரத்தூளை அழுத்தி ஒட்டியது போல இருந்தால் வேண்டாம், தண்ணீர் பட்டதும் ரொட்டி மாதிரி ஊதிவிடும். திடமரம் அல்லது நல்ல பிளைவுட் என்றால் சரி. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போடும் முன் சோதித்துப் பாருங்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தும் பாருங்கள்: வருஷக்கணக்காக அந்துருண்டை போட்டுவைத்த அலமாரி என்றால் அந்த நெடி மரத்துக்குள்ளேயே ஊறியிருக்கும், அதில் எந்த உயிரையும் வைக்காதீர்கள்.

உள்பக்கம் முழுக்கத் வாட்டர்-பேஸ்டு பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கோட் அடித்து, வாசம் முழுசாகப் போகும் வரை இரண்டு வாரம் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். மூலை இடுக்குகளுக்கு மீன்தொட்டிக்கு விற்கும் சிலிக்கான். குளியலறைக்கு விற்பதில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது ஆகாது.

விளக்குகள் எல்லாம் மேல்வலைக்கு வெளியே. பச்சோந்தி வலையில் தலைகீழாகத் தொற்றி ஏறும், உள்ளே பல்பு இருந்தால் சுட்டுக்கொள்ளும். வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தரும் 6 சதவீத யுவிபி டியூப் ஒன்று, சூடு தரும் பல்பு ஒன்று. உயரமான கிளைக்கும் வலைக்கும் இடையே 20 முதல் 25 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன். கிளையில் யுவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் அளவு, 3 கிடைத்தால் போதும்; வலையே ஒரு பங்கை மறைத்துவிடும் என்பதால் மீட்டர் இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். பெண்ணுக்கு வெயில் காயும் இடத்தில் 27 டிகிரி போதும். இரவில் விளக்கு எதுவும் வேண்டாம்.

கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் பச்சோந்தி கண்டுகொள்ளாது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் உள்ளே மணி பிளான்ட், செம்பருத்தி, ஷெஃப்லெரா என்று உண்மையான செடிகளாக நிரப்பியிருக்கிறோம். தூவிய தண்ணீர் தரையில் தேங்காமல் ஒரு ட்ரேயில் சரிந்து குழாய் வழியாக வாளிக்குப் போகிறது. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள், அப்போதுதான் ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்கைத் தொடாது.

கடைசியாக அந்த டிராயர். எனக்கு இந்த அலமாரியில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஏமன் பச்சோந்தியில் பெண், ஆணோடு சேராவிட்டாலும் முட்டை இடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துச் செத்துப்போகவும் கூடும். பலர் இது தெரியாமலேயே வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் டிராயரின் உடம்பை எடுத்துவிட்டு, அதன் முகப்பை மட்டும் கீல் வைத்து மாட்டினோம். அதற்கு மேலிருந்த தரைப்பலகையில் 30க்கு 40 செ.மீ. வெட்டி, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப். 30 செ.மீ. ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 36 லிட்டர், 60 கிலோவுக்கு மேல் வரும். அலமாரியின் அடிப்பலகை அதைத் தாங்காது. டப்புக்கு நேர் கீழே வீட்டுத் தரை வரை கனமான மரக்கட்டைகள் கொடுத்தோம். பின்பலகையைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டும் இறுக்கினோம்.

போன மார்ச்சில் மல்லி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தரையில் அலைந்துகொண்டிருந்தாள். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும் என்பதால் கதவின் மேல் என்னுடைய பழைய பருத்திப் புடவையைத் தொங்கவிட்டு, அந்த அறைக்குள் பேச்சே இல்லாமல் இருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் ஓரத்தை விலக்கிப் பார்த்தால் நடுக்கிளையில் ஒட்டிய வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள், மூக்கிலும் முன்கால்களிலும் ஈர மண். நிறைய தண்ணீர் தூவினோம், நக்கி நக்கிக் குடித்தாள். அடுத்த நாள் டிராயர் முகப்பைத் திறந்து, டப்பை இழுத்து, மண்ணைக் கையால் மெதுவாக விலக்கி என் மகள்தான் எண்ணினாள். 31.