கணைய அழற்சிக்கு வென்டிலேட்டர் எதற்கு?

வயிற்றுவலி என்று சேர்த்த அண்ணனை வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள், பில் ஏற்றத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பில் மேல் சந்தேகம் வருவதில் தப்பில்லை. ஆனால் கடுமையான கணைய அழற்சியில் நுரையீரல் கெடுவது நிஜம். அழற்சி ரத்தத்தோடு பரவி, நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து, காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். உப்பிய வயிறு வேறு உதரவிதானத்தை, அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையை, மேலே தள்ளும்.

நான் டாக்டர் இல்லை, ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். "நர்சுக்கு என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். இரவு முழுக்க அந்த மெஷின் பக்கத்தில் நிற்பது யார் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

எங்களிடம் இதே நோயோடு ஒருவர் வந்தார், 95 கிலோ. அவர் மைத்துனர் திரையில் ஒரு மூச்சுக்கு 400 மில்லி காற்று என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த உடம்புக்கு இவ்வளவு காத்து எப்படிங்க பத்தும்?" என்று சத்தம் போட்டார். நான் இஞ்ச் டேப்பை எடுத்து உச்சந்தலை முதல் குதிகால் வரை அவர் கண் முன்னாலேயே அளந்தேன். 170 செ.மீ. தொப்பை போட்டால் நுரையீரல் வளர்வதில்லை; கணக்கு உயரத்தை வைத்துத்தான். அந்த உயரத்து ஆணுக்குக் கணக்கு எடை 66 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி. நீர் கோத்த பகுதி போக மிச்சமிருக்கும் நல்ல பகுதிக்குள் பெரிய மூச்சைத் திணித்தால் அதுவும் கிழிந்துபோகும். இப்படி நுரையீரல் கெட்டவர்களை வைத்து நடந்து 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மில்லி இலக்கு வைத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லிக்காரர்களில் 31.

அப்புறம் வயிறு. யூரின் டியூப் வழியாக அதன் அழுத்தத்தை அளந்துகொண்டே இருப்போம். அது 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, ஏதாவது உறுப்பும் புதிதாகச் செயலிழந்தால் பெரிய ஆபத்து. மூச்சு உள்ளே போய் நிற்கும்போது மெஷின் காட்டும் நுரையீரல் அழுத்தத்தை 30 செ.மீ. தண்ணீர் அளவுக்குள் வைக்கச் சொல்வார்கள். வயிறு உப்பியவருக்கு அதில் ஒரு பங்கு வயிறு கொடுப்பது. நம்பரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அதுவும் போதாமல் அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை, வயிறு அழுந்தாமல் நடுவில் இடைவெளி. ஒருவர் மூச்சு டியூபைப் பிடிக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பினோம். ஒவ்வொரு தடவையும் 16 மணி நேரம். முகம் வீங்கியதைப் பார்த்து மனைவி அழுதார். அந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார், எல்லோருக்கும் அப்படி அமையாது. போகும்போது பெரிய டாக்டருக்குச் சால்வை. திருப்பிய எங்கள் இடுப்புக்கு அயோடெக்ஸ்கூட இல்லை. நைட்டில் மூன்று வென்டிலேட்டருக்கு ஒரு நர்ஸ் என்று வைத்திருக்கும் நிர்வாகத்தை எந்தச் சொந்தக்காரரும் கேள்வி கேட்டதில்லை, அது வேறு கதை.

சரி, நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேளுங்கள்: வயிற்று அழுத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது, நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா.