வாரண்டி கேள்வி-பதில்: ஜாப் ஷீட்டை வாசித்த பிறகே கையெழுத்து

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் கார் வாரண்டியைப் பற்றித்தான். சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கார் வாங்கி நான்கரை வருஷம் ஆகிறது. காலையில் எடுத்தவுடன் கியர் மாறும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஈப்போ சர்வீஸ் சென்டரில் மூன்று தடவை காட்டினோம். 'ஓட்டிப் பார்த்தோம், ஒன்றுமில்லை' என்கிறார்கள். வாரண்டி முடியப் போகிறதே?

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை, அம்மா. உங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் எஞ்சினும் கியர் எண்ணெயும் நன்றாகச் சூடாகிவிடும். ஆறிய வண்டியில் மட்டும் வரும் கோளாறு அங்கே எப்படித் தெரியும்? முதல்நாள் மாலையே காரை அங்கே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டின்போது டெக்னீசியன் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து போங்கள்.

அதைவிட முக்கியம் கவுண்டரில் நீட்டும் ஜாப் ஷீட், அதாவது உங்கள் புகாரையும் செய்யப் போகும் வேலையையும் எழுதும் தாள். 'செக் கியர்பாக்ஸ்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள், நாமும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். விடாதீர்கள். 'காலை முதல் ஸ்டார்ட்டில் கியர் மாறும்போது உதைக்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். மலாயில் எழுதினாலும் சரி. தேதியும் மீட்டர் கணக்கும் இருக்க வேண்டும். நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய மூன்று வருகைகளின் ஜாப் ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி காலத்திலேயே புகார் பதிவாகியிருந்தால், கோளாறு பின்னால் பிடிபட்டாலும் அழுத்திப் பேச இடமிருக்கும். வாய்ப்பேச்சாகப் போன புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. கியர்பாக்ஸை வாரண்டியில் பிரித்தால் பாகமும் கூலியும் மட்டுமல்ல, அந்த வேலைக்காக ஊற்றும் எண்ணெயும் மாற்றும் கேஸ்கெட்டும் (கசியாமல் இடையில் வைக்கும் அடைப்பு)கூட வாரண்டிக் கணக்கில்தான் வர வேண்டும். பில்லில் எண்ணெய்க்குத் தனி விலை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்பேர் பார்ட் வரவில்லை என்று மூன்று வாரமாகக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. வாடகைக் கார் செலவை யார் கொடுப்பார்கள்?

வாரண்டிப் புத்தகத்தைப் பார்த்தால், பெரும்பாலும் யாரும் கொடுக்க மாட்டார்கள். வாடகைக் கார், வேலைக்குப் போகாத நாள் எல்லாம் அதில் சேராது. வங்கித் தவணையும் நிற்காது. ஆனால் புத்தகத்தோடு கதை முடியவில்லை. வாகனத்துக்கு உதிரி பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான அளவில் கிடைக்க வேண்டும், வேலை நியாயமான காலத்தில் முடிய வேண்டும் என்று நம் மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 சொல்கிறது. முதலில், பாகத்தை எந்தத் தேதியில் ஆர்டர் செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் கார் போய் ஒரு வாரம் கழித்துத்தான் ஆர்டரே போயிருக்கும். மாற்றுக் கார் தரச் சொல்லியும் கேளுங்கள், கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது. மசியவில்லை என்றால் ரசீதுகளோடு பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. 'தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்டினீர்கள், வாரண்டி இல்லை' என்கிறார்கள். நாங்கள் இருப்பதே செம்பனைத் தோட்டத்தில்!

ரோடு செம்மண் என்பது மட்டும் காரணமாகாது. லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்சார்பரின் நடுத் தண்டான ராடு வளைந்திருந்தால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பக்கத்து ஆர்மில் அடிபட்ட தடம் இருந்தால், பள்ளத்தில் விழுந்த அடி, அது உங்கள் கணக்கு. எல்லாம் நேராக இருந்து சீலில் மட்டும் எண்ணெய் கசிந்தால், அது பாகத்தின் குறையாக இருக்கலாம் என்று வாதாடலாம். மறுத்தால், மறுக்கும் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பலருடைய குரல் இறங்கிவிடும்.

சர்வீஸுக்கு விட்ட காரின் கதவில் கீறலோடு திருப்பித் தந்தார்கள். இது வாரண்டியில் வருமா?

வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது அவர்களுடைய கவனக்குறைவு. சேவையைத் தகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதும் அதே 1999 சட்டம்தான். 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் போர்டு மாட்டி அந்த உரிமையைத் துடைக்க முடியாது. சாவி கொடுக்குமுன் நான்கு பக்கமும் மீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டவுனில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை எஞ்சின் எண்ணெய் மாற்றினோம். வாரண்டி போய்விட்டதா?

எஞ்சின் விஷயத்தில் ஆபத்துதான். உள்நாட்டுக் கார்களுக்கு வழக்கமாக 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. அட்டவணைப்படி, கம்பெனி அங்கீகரித்த இடத்தில் சர்வீஸ் செய்வது அதற்கு நிபந்தனை. ஆனால் பவர் விண்டோ மோட்டார் கெட்டதற்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? அதைக் காரணமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிரேக் பேட், வைப்பர்?

தேய்மானப் பொருள், வராது. பேட்டரிக்கும் டயருக்கும் வாரண்டி தனி, காலமும் குறைவு.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாமா?

காசு கொடுத்து மாற்றியதென்றால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்களுடையது. வாரண்டியில் மாற்றியது வழக்கமாகக் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். கண்ணில் காட்டச் சொல்லலாம்.