ஆக்சிஜன் இல்லாத குழாயில் ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) ஏன் ஒளிரவில்லை?
ஆக்சிஜனை நீக்கி ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்தும், எஃப்.என்.ஆர். (ஆக்சிஜன் இல்லாதபோது ஜீன்களை இயக்கும் புரதம்) இயக்கும் ப்ரொமோட்டருடன் (ஜீனை இயக்கத் தொடங்கும் டி.என்.ஏ. பகுதி) இணைத்த ஜி.எஃப்.பி. ஒளிரவே இல்லை என்கிறீர்கள். ப்ரொமோட்டரை உடனே சந்தேகிக்காதீர்கள், நண்பரே. ஜி.எஃப்.பி. புரதம் உருவானாலும் அது ஒளிரும் நிலைக்கு முதிர ஆக்சிஜன் வேண்டும்! எஃப்.என்.ஆர். இதற்கு நேர்மாறு: அதிலுள்ள நான்கு இரும்பு, நான்கு கந்தக அணுக்கொத்து ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டாகக் குறையும், இரட்டையாக இருந்த புரதம் பிரிந்து டி.என்.ஏ.வை விட்டுவிடும்.

ஜி.எஃப்.பி.க்குப் பதில் லாக்-இசட் ஜீனுக்கு மாறுங்கள். அது உருவாக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதிக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஜி.எஃப்.பி.தான் வேண்டுமென்றால், முதலில் குளோராம்ஃபெனிகால் சேர்த்துப் புரத உற்பத்தியை நிறுத்துங்கள், பிறகு காற்றுப்படக் குலுக்கி, நேரம் கொடுத்து அளவிடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

உங்களுடையது நார்-ஜி ஜீனின் ப்ரொமோட்டரா? அப்படியானால் வளர்ப்பூடகத்தில் நைட்ரேட்டும் சேருங்கள். நைட்ரேட் இருக்கும்போது செயல்படும் நார்-எல் புரதம் இல்லாமல் எஃப்.என்.ஆர். மட்டும் போதாது.